கரகரக்கும் லைனும் ஜொகூர் மழையும்: இளம் தொழில்நுட்பருக்கு ஒரு கடிதம்



டெலிகோம் மலேசியா 2010 மார்ச்சில் யூனிஃபை ஒளியிழைச் சேவையைத் தொடங்கிய பிறகு, கூலாயிலும் குளுவாங்கிலும் பல வீடுகளுக்கு ஒளியிழை வந்துவிட்டது. ஆனாலும் லைன் பழுதுபார்க்கும் நம் தொழிலைக் கற்றுக்கொடுத்தது, 2001-இல் வந்த ஸ்ட்ரீமிக்ஸ் இணையம் ஓடிய பழைய செம்புக் கம்பிதான்.

“ஃபோன்ல கரகரன்னு சத்தம், இண்டர்நெட்டும் அடிக்கடி விட்டுப்போகுது” என்று வீட்டுக்காரர் இரண்டு புகார் சொல்வார். பெரும்பாலும் கோளாறு ஒன்றுதான். பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும்; ஏடிஎஸ்எல் இணையம் அதே ஜோடிக் கம்பியில் சுமார் 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. இணைப்பு ஒன்று தளர்ந்தால் இரண்டுமே கெடும். எடுத்த எடுப்பில் மோடத்தை மாற்றுவது வீட்டுக்காரரின் காசுக்குக் கேடு.

முதலில் கேட்க வேண்டியது, எப்போது கெடுகிறது என்பதுதான். மழை பெய்தாலா? நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. இணைப்புப் பெட்டிக்குள் நீர் இறங்கிச் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். மணி அடிக்கும்போது மட்டும் இணையம் அறுகிறதா? பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் ஃபில்டர் பழுதாகியிருக்கும், அல்லது இணைப்பு அரித்திருக்கும். தினமும் ஒரே நேரத்திலா? ஏதோ ஒரு விளக்கோ அடாப்டரோ இரைச்சலைக் கிளப்பலாம். மீடியம் வேவ் வானொலியை 612 கிலோஹெர்ட்ஸில் வைத்து வீட்டைச் சுற்றி நடந்தால், இரைச்சல் கூடும் இடமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, கோளாறு உள்ளேயா வெளியேயா என்று பிரிக்க வேண்டும். லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் உள்கம்பிகளைக் கழற்றிவிட்டு, சாதாரண வயர் ஃபோனைச் செருகி, ஓர் எண்ணை அழுத்தி, டயல் ஒலி நின்றதும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கார்ட்லெஸ் ஃபோன் வேண்டாம், அதற்கே தனி இரைச்சல் உண்டு. சத்தம் போய்விட்டால் கோளாறு வீட்டு வயரிங்கில். போகவில்லையென்றால் தெருவில்.

இளைஞர்களைக் குழப்பும் ஒன்று: ஃபோன் செத்துக் கிடக்கும், இணையம் மட்டும் நொண்டிக்கொண்டே ஓடும். ஜோடியில் ஒரு கம்பி அறுந்தாலும் உயர் அதிர்வெண் அந்த இடைவெளியைத் தாண்டிக் கசியும். “இணையம் வருகிறதே, லைன் நல்ல லைன்தான்” என்று எழுதிவிட்டுத் திரும்பிவிடக் கூடாது.

இதுவரை சொன்னது செம்புக்கு; ஒளியிழையில் கரகரப்பு ஏறாது. ஒளியிழைப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால், அலமாரிக்குப் பின்னால் இழை மடிந்திருக்கிறதா, பச்சை முனையில் தூசி படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. விளக்கு சரியாக இருந்தும் இணையம் தடுமாறினால், லேன் கேபிளில் சோதிக்கவும். அதில் ஒழுங்காக ஓடினால் குற்றவாளி வைஃபை. வரிசை வீடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸில் எல்லாரும் முட்டிக்கொள்கிறார்கள். 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை.

இடி இடிக்கும்போது செம்பைத் தொடாதே, மேலாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. வேலை முடிந்ததும், தொடுவதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளை ஒரு தாளில் எழுதி அந்த வீட்டிலேயே வைத்துவிட்டு வா, தம்பி. அடுத்த முறை வருபவர் அங்கிருந்து தொடங்கட்டும்.