திருநீர்மலையிலிருந்து ஒரு நாடக மாலை

திருமங்கையாழ்வார் திருநீர்மலைக்கு வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம். வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்கிறது தலவரலாறு. நகரத்துக்குள் ஒரு நாடகம் பார்க்கப் போவதென்றால் நம்மூர்க்காரர்களும் ஏறக்குறைய அந்த அளவுக்குத் தயங்குகிறோம். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டோம் என்றாலும், பெரிய சபாக்களும் பேர்போன மெஸ்களும் மயிலாப்பூரிலும் தி.நகரிலும்தான் இருக்கின்றன. போய்வருவது அப்படியொன்றும் சிரமமில்லை. ஒரே விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: ஒரு மாலைக்கு ஒரு வட்டாரம். டிபன் ஓரிடம், நாடகம் வேறிடம், துணிக்கடை இன்னோரிடம் என்று போட்டால் பொழுது ஆட்டோவிலேயே போய்விடும்.

1. வட்டாரத்தை முடிவு செய்யுங்கள்

முதல்முறை போகிறவர்களுக்குத் தி.நகர்தான் சுலபம். பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ ஏறினால் மாம்பலம் வரை ஒரே ரயில். ஜி.என். செட்டி சாலையில் வாணி மஹால், மகாராஜபுரம் சந்தானம் சாலையில் கிருஷ்ண கான சபா.

மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை பக்கம் நாரத கான சபா, பாரதிய வித்யா பவன், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், ரசிக ரஞ்சனி சபா. சாப்பாட்டுக்கும் இதுவே சிறந்த வட்டாரம். ஆனால் நேர் ரயில் கிடையாது.

மூன்றாவது எழும்பூர். அங்கே அருங்காட்சியக வளாகத்துக்குள் 1896-ல் கட்டிய மியூசியம் தியேட்டர் இருக்கிறது. நாடகம் பிடிக்கவில்லை என்றாலும் அந்தக் கட்டடத்தைப் பார்த்த திருப்தி மிஞ்சும்.

2. நாடகத்தைத் தேர்ந்தெடுங்கள்

சிரித்துவிட்டு வர வேண்டுமா? கிரேஸி மோகன் தொடங்கிய கிரேஸி கிரியேஷன்ஸ், எஸ்.வி. சேகரின் நாடகப்ரியா. குடும்பக் கதை பிடிக்குமென்றால் 1952-ல் தொடங்கப்பட்டு, இப்போது ஒய்.ஜி. மகேந்திரன் நடத்திவரும் யு.ஏ.ஏ. குழு. வசனத்தைவிட உடல்மொழியை நம்பும் நவீன நாடகம் பார்க்க ஆசையிருந்தால், ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் முதலில் நகைச்சுவையில் தொடங்குவதே நல்லது. இரண்டு மணி நேரம் உட்கார வைக்க வேண்டுமே!

இரண்டு பருவங்களை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா. புது நாடகங்கள் பல அங்கேதான் அரங்கேறும். அடுத்தது டிசம்பர் நடுவில் தொடங்கும் மார்கழி இசை சீசன். 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது நடந்த இசை மாநாட்டிலிருந்து, 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. அதை ஒட்டி வளர்ந்ததே இந்த சீசன். பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் இல்லை. காசு செலவில்லாமல் நாளைய வித்வான்களை இன்றே கேட்டுவிடலாம்.

3. டிக்கெட்டும் நேரமும்

மாலை நாடகங்கள் பெரும்பாலும் ஆறரை, ஏழு மணிவாக்கில் தொடங்கும். வார இறுதியானால் இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். மற்ற நாட்களில் அரங்க வாசலிலேயே கிடைக்கும். கிளம்புமுன் சபாவுக்கு ஒரு போன் போட்டு நேரத்தை உறுதி செய்துகொள்வது உத்தமம்.

4. போகும் வழி

காரை வீட்டில் விட்டுவிடுங்கள். தி.நகரில் பார்க்கிங் தேடும் நேரத்தில் முதல் காட்சி முடிந்துவிடும். இருசக்கர வண்டியைப் பல்லாவரம் அல்லது குரோம்பேட்டை ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். ஸ்டாண்டை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் மாட்ட வேண்டாம். 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை ஸ்டேஷனிலிருந்து நேரே தி.நகர் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். ஆழ்வார்பேட்டைக்குப் போகிறவர்கள் கிண்டியில் மெட்ரோவுக்கு மாறி ஏ.ஜி.-டி.எம்.எஸ். நிலையத்தில் இறங்கி ஆட்டோ எடுக்கலாம். எழும்பூருக்கு மின்சார ரயிலே போதும்.

5. முதலில் டிபன், பிறகு நாடகம்

நாடகம் முடிந்து சாப்பிடலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது மணிக்கு மேல் நல்ல மெஸ்களில் அடுப்பு அணைந்திருக்கும்; உங்களுக்கும் ரயிலைப் பிடிக்கும் அவசரம். நாலரை, ஐந்து மணிக்கே இலை முன்னால் உட்கார்ந்துவிடுங்கள்.

மயிலாப்பூரில் அருண்டேல் தெரு ராயர் மெஸ், மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ், காளத்தி கடை ரோஸ்மில்க். மூன்றும் கபாலி கோயிலிலிருந்து நடக்கும் தூரம்தான். ராயர் மெஸ்ஸில் இடம் குறைவு; காத்திருக்கத் தயாராகப் போங்கள். தி.நகரில் 2019-ல் அகலமான நடைபாதை போட்ட பாண்டி பஜாரில் காலாற நடந்து, பிடித்த ஓட்டலில் நுழையலாம்.

மார்கழியில் இந்தக் கவலையே இல்லை. சபா கேன்டீனில் சாப்பிடக் கச்சேரி டிக்கெட் தேவையில்லை. அடை-அவியல், கீரை வடை, அசோகா அல்வா, ஒரு டம்ளர் ஃபில்டர் காபி என்று முடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆண்டும் சமையல் ஒப்பந்தக்காரர் மாறலாம் என்பதால், இந்த ஆண்டு எந்த சபாவில் யார் கரண்டி பிடிக்கிறார் என்று ரசிகர்களிடம் விசாரியுங்கள். சாப்பாட்டு விஷயத்தில் விமர்சகர்களைவிட அவர்கள் கறார்.

ஒயின் அருந்தும் வழக்கமுள்ளவர்களுக்கு: நம்மூர் ஒயின்ஷாப் அதற்கான இடமல்ல, நட்சத்திர ஓட்டல்களின் பார்தான் வழி. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். நாடகம் இருக்கும் நாளில் வேண்டாம், அதற்கென்று வேறொரு நாள் வையுங்கள். அன்றைக்கு ஸ்டாண்டில் வண்டி போடாமல், வீடுவரை ஆட்டோவில் வந்துவிடுங்கள்.

6. அரங்குக்குள்

பதினைந்து நிமிடம் முன்பே உட்காருங்கள். கைபேசியை அணையுங்கள், திரை வெளிச்சமும் தொந்தரவுதான். கச்சேரியானால், தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து ஓடாதீர்கள். மிருதங்கக்காரர் அன்றைக்கு முழுதாக வாசிப்பதே அப்போதுதான்.

7. திரும்பும் வழி

ஒன்பது, ஒன்பதரைக்கு மாம்பலத்தில் நின்றால் தாம்பரம் பக்கம் ரயிலுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஜாக்கிரதை: வண்டிகள் குறைவு, பராமரிப்பு வேலை என்று சிலவற்றை ரத்தும் செய்வார்கள். முதல் பயணத்துக்குச் சனிக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். பல்லாவரத்திலிருந்து திருநீர்மலைக்கு ஷேர் ஆட்டோ இரவில் குறைந்துவிடும். ஸ்டாண்டில் வண்டி போடச் சொன்னது இதற்காகத்தான்.

சினிமாவுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் நாடகம் பெரிய செலவில்லை. மேடையில் நடிப்பவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒப்பனை போடுகிறவர்கள். அவர்களுக்குத் தேவை நிறைந்த நாற்காலிகள். வரும் சனிக்கிழமை அதில் இரண்டை நம்மூர்க்காரர்கள் நிரப்புங்கள்.