அனுப்புகிறவர்கள் செய்ய வேண்டியது



சென்ற மடலில் வெளியான வரவு செலவுக் கணக்கில் "ஊழியர் பாதுகாப்பு" என்று ஒரு வரி இருந்ததை உங்களில் பலர் கவனித்திருக்கிறீர்கள். நாங்கள் கொடுத்த காணிக்கை நோயாளிகளுக்கு மருந்தாகப் போகும் என்றுதானே நினைத்தோம், இது எதற்கு என்று ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருந்தார். கர்த்தர் காப்பார் என்கிற விசுவாசம் குறைந்துவிட்டதா என்று இன்னொரு சகோதரர் கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள். தனித்தனியே பதில் எழுதுவதைவிட இந்த முறை பாடப் பகுதியையே இதற்கென்று ஒதுக்கிவிட்டோம்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது. நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டியபோது ஜெபித்தார். ஜெபித்த கையோடு காவலும் போட்டார். பவுலைத் தமஸ்குவில் கொல்லப் பார்த்தபோது சீஷர்கள் அவரைக் கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கி அனுப்பினார்கள். இவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று யாரும் சொன்னதில்லை.

முதல் கேள்விக்குத்தான் விரிவான பதில் தேவை. அதற்கு நாம் இலங்கைக்குப் போக வேண்டும்.

திருகோணமலை மாவட்டத்தில் மூதூர் என்ற ஊர் இருக்கிறது. பசிக்கு எதிராகப் பணிபுரியும் ஏ.சி.எஃப். என்ற பிரெஞ்சு தொண்டு நிறுவனம், 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பின் அந்தப் பகுதி மக்களுக்குக் குடிநீர், சுகாதார வசதிகளைச் செய்து கொடுத்துவந்தது. அதன் ஊழியர்கள் திருகோணமலையிலிருந்து கொட்டியாரக் குடாவைப் படகில் கடந்து மூதூருக்குப் போய்வருவார்கள். 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அப்படிப் போன குழு அங்கேயே மாட்டிக்கொண்டது. விடுதலைப் புலிகளுக்கும் இராணுவத்துக்கும் ஊருக்குள் சண்டை மூண்டது. படகு நின்றுபோனது. ஊர் மக்கள் ஆலயங்களிலும் பள்ளிகளிலும் தஞ்சம் புகுந்தார்கள். பிறகு கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டே வெளியேறினார்கள். ஊழியர்களோ தங்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். கட்டிடத்தில் நிறுவனத்தின் அடையாளம் இருக்கிறது, ஷெல் விழும் சாலையில் நடப்பதைவிட அதற்குள் இருப்பதே நல்லது என்று திருகோணமலை அலுவலகம் ரேடியோவில் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. அவர்களை அழைத்துவர வாகனம் அனுப்பும் முயற்சிகள் பலிக்கவில்லை. ஆகஸ்ட் 4ஆம் தேதி காலையோடு ரேடியோத் தொடர்பு அறுந்தது.

இரண்டு நாட்களுக்குப் பின் அந்த வளாகத்தில் 15 பேரின் உடல்கள் குப்புறக் கிடந்த நிலையில் காணப்பட்டன. மிக அருகிலிருந்து சுடப்பட்டிருந்தார்கள். நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டை அவர்கள் உடம்பில் இருந்தது. இன்னும் இருவர் சற்றுத் தள்ளிப் பின்னர் கண்டெடுக்கப்பட்டார்கள். மொத்தம் 17 பேர், அவர்களில் நால்வர் பெண்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். வெளிநாட்டார் ஒருவரும் இல்லை. இந்தக் கொலைகளுக்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

கொன்றவர்களின் குற்றம் கொன்றவர்களுடையதே. அதை முதலில் சொல்லிவிடுகிறோம். அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு பின்னால் வந்து குறை சொல்வதும் எளிது. சாலையில் இறங்கியிருந்தால் அன்றைக்கே ஷெல்லுக்குப் பலியாகியிருக்கலாம். இருங்கள் என்று சொன்னவர்களும் அவர்கள் நன்மையை நினைத்தே சொன்னார்கள். ஆனாலும் எங்களைப் போன்ற நிறுவனங்கள் மூதூரைப் பற்றி யோசிக்காமல் இருக்கக் கூடாது என்று எண்ணுகிறோம்.

சண்டை வந்த பிறகு தங்குவதா, வெளியேறுவதா என்று யோசித்தால் இரண்டு வழியுமே மோசமானதாகத்தான் இருக்கும். தீர்மானம் அதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். போக ஒரு வழிதான் உண்டு, அது கடல் வழி என்றால், எந்த அறிகுறி கண்டால் அன்றைய படகிலேயே திரும்புவது என்று முன்னமே எழுதி வைக்க வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. அந்த அறிகுறி தெரிந்ததும் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் திரும்பும் அதிகாரம் களத்தில் இருக்கிறவருக்கு வேண்டும். பெரும்பாலும் நாங்கள் தவறுவது இந்த இடத்தில்தான். தூரத்தில் இருக்கிறவருக்கு வரைபடம் தெரியும். தெருவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது அங்கே நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது அடையாளம். நாம் நன்மை செய்கிறவர்கள், நம் கொடியையும் சட்டையையும் பார்த்தால் யாரும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கு உண்டு. உதவிப் பணியாளருக்கான பாதுகாப்புப் பயிற்சிகளில் மூன்று வழிகளைச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒன்று, ஊராரின் நல்லெண்ணத்தைப் பெறுவது. மற்றொன்று சுவர், பூட்டு, ரேடியோ என்று நம்மைச் சுற்றி வேலி போட்டுக்கொள்வது. மூன்றாவது, கை வைத்தால் எதிர்விளைவு உண்டு என்று காட்டுவது. ஆயுதக் காவலும் இதில் சேரும், பணியை நிறுத்திவிடுவோம் என்று சொல்வதும் இதில் சேரும். மிஷன் மருத்துவமனைகள் எக்காலத்திலும் முதல் வழியையே நம்பி வந்திருக்கின்றன. அதில் தவறில்லை. ஆனால் ஊரார் நம்மை நேசித்தாலும் ஊருக்குப் புறம்பேயிருந்து வருகிறவனுக்கு அந்த நேசம் தெரியாது.

செச்னியாவில் நோவியே அட்டாகி என்ற கிராமத்தில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் 1996 செப்டம்பரில் ஒரு மருத்துவமனை திறந்தது. ஆயுதத்தோடு யாரும் உள்ளே வரக் கூடாது என்பது அங்கே விதி. டிசம்பர் 17ஆம் தேதி விடியுமுன் முகமூடி அணிந்தவர்கள் சத்தம் எழாத துப்பாக்கிகளோடு நுழைந்து, உறங்கிக்கொண்டிருந்த ஐந்து பெண்களையும் ஒரு ஆணையும் சுட்டுக் கொன்றார்கள். யேமன் நாட்டு ஜிப்லாவில் இருந்த பாப்டிஸ்ட் மருத்துவமனை, பல பத்தாண்டுகள் ஏழைகளுக்குச் சேவை செய்தது. 2002 டிசம்பர் 30ஆம் தேதி ஒருவன் குழந்தையை அணைத்திருப்பவன்போல் உடைக்குள் துப்பாக்கியை மறைத்து உள்ளே வந்து, டாக்டர் மார்த்தா மையர்ஸ் உட்பட மூவரைக் கொன்றான். அவர்களில் இருவர் அந்த வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

அப்படியானால் துப்பாக்கியோடு காவலரை நிறுத்தலாமே என்பீர்கள். 2014 ஏப்ரலில் காபூல் நகரத்தில் ஒரு கிறிஸ்தவ மருத்துவமனையின் வாசலில் அமெரிக்கர் மூவரைச் சுட்டுக் கொன்றவர், அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரரே. ஆகவே எந்த ஒரு வழியையும் முழுதாக நம்பிவிட முடியாது. இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் உட்கார்ந்து எடைபோட வேண்டியிருக்கிறது. அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பணமும் வேண்டும்.

மூதூரைப் பற்றி இன்னும் ஒன்று. அங்கே இறந்தவர்கள் எல்லாரும் உள்நாட்டு ஊழியர்கள். உலகமெங்கும் நிலைமை இதுதான். 2024ஆம் ஆண்டில் மட்டும் 383 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐக்கிய நாடுகள் சபை தெரிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் தங்கள் சொந்த ஊராருக்குப் பணி செய்தவர்கள். வெளிநாட்டு டாக்டருக்கு விமானம் வரும். ஓட்டுநருக்கும் வார்டு உதவியாளருக்கும் வீடு அங்கேயே இருக்கிறது. ஆபத்தான சாலையில் முன்னிருக்கையில் உட்காருகிறவர் ஓட்டுநர். பாதுகாப்புப் பயிற்சிக்கு அழைக்கும்போது மட்டும் அவர் பெயர் பட்டியலில் இருக்காது. எங்கள் பட்டியலிலும் நீண்ட காலம் இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

இது சட்டமும் கேட்கிற காரியம். 2012ஆம் ஆண்டு கென்யாவின் தடாப் அகதிகள் முகாமில் நார்வே அகதிகள் மன்றத்தின் வாகன வரிசை தாக்கப்பட்டது. ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்டார். நான்கு ஊழியர்கள் கடத்தப்பட்டுச் சில நாட்களில் மீட்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ஸ்டீவ் டென்னிஸ் வழக்குத் தொடர்ந்தார். அந்த ஆபத்து முன்னமே தெரியக்கூடியதாக இருந்தும் நிறுவனம் தக்க ஏற்பாடு செய்யவில்லை, இது பெரும் அலட்சியம் என்று ஓஸ்லோ நீதிமன்றம் 2015 நவம்பரில் தீர்ப்பளித்தது. சுமார் 44 லட்சம் நார்வே குரோனர் இழப்பீடு கொடுக்கும்படி உத்தரவானது. நல்ல நோக்கம் இருந்தது என்பது அங்கே பதிலாக ஏற்கப்படவில்லை.

இனி எங்கள் கணக்கின் அந்த வரிக்கு வருகிறோம். அதில் துப்பாக்கியும் இல்லை, முள்வேலியும் இல்லை. ஓட்டுநர்கள், துப்புரவுப் பணியாளர்கள், சமையல் செய்யும் அம்மா உட்பட முகாமுக்குப் போகிற எல்லாருக்கும் விபத்துக் காப்பீடு எடுத்தோம். பெரிய தொகை இதற்குத்தான் ஆனது. முகாம் வண்டியின் பின்னிருக்கைகளுக்குச் சீட் பெல்ட் போட்டோம். துப்பாக்கிச் சூட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் எங்கள் ஊழியருக்கு அன்றாட ஆபத்து சாலைதான். வண்டி கிளம்பும்போதும் சேரும்போதும் அழைத்துச் சொல்ல ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். இருட்டுமுன் திரும்ப முடியாவிட்டால் அங்கேயே தங்க வேண்டும். தங்குவதற்கான செலவும் அந்த வரியில் இருக்கிறது. போக மனமில்லை என்று ஓர் ஊழியர் சொன்னால் காரணம் கேட்டுக் குடையக் கூடாது, சம்பளமும் பிடிக்கக் கூடாது என்றும் முடிவெடுத்தோம்.

இதில் உங்கள் பங்கும் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு முகாம் நாளன்று வழியில் கலவரம் என்று கேள்விப்பட்டு எங்கள் ஓட்டுநர் பாதி வழியில் வண்டியைத் திருப்பினார். மருந்துப் பெட்டிகள் கட்டு அவிழாமல் திரும்பி வந்தன. அந்த முகாமுக்கென்று பணம் அனுப்பிய சபைக்கு என்ன சொல்வது என்பதே அன்று மாலை எங்களுக்கு முதல் கவலையாக இருந்தது. அப்படி இருந்திருக்கக் கூடாது. மார்ச் முடிவதற்குள் இத்தனை முகாம், இத்தனை படம் என்று நாம் எதிர்பார்க்கும்போது, அந்த எதிர்பார்ப்பும் வண்டியில் ஏறி ஓட்டுநரின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறது. நடக்காத முகாமுக்கும் கணக்குக் காட்டுவோம். அதைக் குறையாக எண்ணாமல் வாசியுங்கள்.

சில ஊழியரின் பெயரும் படமும் இந்த மடலில் வருவதில்லை என்று கேட்கிறீர்கள். காரணம் இதுதான். அவர்கள் எந்த நாளில் எந்த வழியாய்ப் போகிறார்கள் என்பதைச் சபை அறிவிப்பிலோ வாட்ஸ்அப் குழுவிலோ தயவுசெய்து போட வேண்டாம். மலைக்குப் போகிற குழு என்று சொல்லி ஜெபித்தால் போதும். அடுத்த முகாம் எப்போது என்று கேட்டால், முடிந்து வீடு வந்து சேர்ந்த பிறகு சொல்கிறோம்.