கடலில் எல்லை போடும் முன்பு

ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பனுக்குப் பக்கத்தில் சின்னப்பாலம் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அங்கே பல பெண்களுக்குக் கடல்பாசி எடுப்பதுதான் தொழில். விடியும் முன்பே சோறு கட்டிக்கொண்டு வத்தையில் ஏறுவார்கள். தீவுப் பக்கம் போவார்கள். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்வார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். பாறை கையைக் கிழித்துவிடும் அல்லவா? இடுப்பில் ஒரு பை இருக்கும். மூச்சை அடக்கி முங்குவார்கள். பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பறித்துப் பையில் போடுவார்கள். மேலே வந்து மூச்சு விடுவார்கள். மறுபடியும் முங்குவார்கள். மணிக்கணக்கில் இதே வேலைதான்.

மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று பாசியில் பல வகை உண்டு. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் என்ற பொருள் எடுக்கிறார்கள். இனிப்புப் பண்டங்களிலும் மருந்துச் சோதனைக் கூடங்களிலும் அது பயன்படுகிறது. பாட்டி செய்த தொழிலை மகள் செய்தாள். பிறகு பேத்தி செய்தாள். இந்தத் தொழிலுக்கு ஒரு நாள் சிக்கல் வந்தது.

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே கரையோரமாக 21 தீவுகள். இவற்றில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் கடலில் மூழ்கிவிட்டன. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. கடல்புல் திட்டுகள் இருக்கின்றன. அந்தப் புல்லைத் தின்றுதான் கடல் பசு வாழ்கிறது. ஆமை, சங்கு, கடல் அட்டை எல்லாம் அங்கே உண்டு. மீன் குஞ்சுகள் வளரும் இடமும் அதுதான்.

இந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டியது அவசியம். ஒரு காலத்தில் பவளப்பாறையைப் படகு படகாக வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பினார்கள். விசைப்படகுகளின் இழுவைமடி கடலின் அடியை வாரிச் சுரண்டியது. 1986-ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசு ஓர் அறிவிப்பு செய்தது. 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர், கடல் தேசியப் பூங்கா ஆகும் என்றது. 1989-இல் மன்னார் வளைகுடாவில் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது.

பூங்காவுக்கு எல்லை உண்டு. ஆனால் கடலில் வேலியா போட முடியும்? பல ஊர்களுக்கு இந்த விவரம் தெரியவே பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2000-க்குப் பிறகு காவல் இறுகியது. அப்போதுதான் பெண்களுக்குப் புரிந்தது. தாங்கள் வழக்கமாகப் பாசி எடுத்த இடம் பூங்காவுக்குள் போய்விட்டது. அங்கே போனால் குற்றம். பிடிபட்டால் பாசி போகும். அபராதமும் கட்ட வேண்டும். சுரண்டியது இழுவைமடி, அபராதம் கட்டுவது கையால் பாசி பறிக்கும் பெண். இதில் நியாயம் எங்கே இருக்கிறது?

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. ஓர் இடத்தைப் பூங்காவாகவோ சரணாலயமாகவோ ஆக்கப்போவதாக அரசு அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கலெக்டர் விசாரிக்க வேண்டும். இதைப் பற்றி அந்த வட்டார மொழியில், சுற்றியுள்ள ஒவ்வொரு ஊரிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். உரிமை உள்ளவர்கள் இரண்டு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் கவனம் வேண்டும். அறிவிப்பு தமிழில்தான் இருக்கும். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மனு எழுதத் தெரிந்திருக்க வேண்டும். படிக்கத் தெரியாத ஊரில் இரண்டு மாதம் சும்மாவே ஓடிவிடும்.

சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. சரணாலயம் என்றால், சில உரிமைகள் தொடரட்டும் என்று கலெக்டர் அனுமதிக்க வழி உண்டு. தேசியப் பூங்காவில் அந்த வழி கிடையாது. எனவே அறிவிப்பில் எந்தப் பெயர் போட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

1991-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கடற்பகுதியைச் சேர்ப்பதானால், உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்த பிறகே எல்லை போட வேண்டும் என்று எழுதினார்கள். மன்னார் வளைகுடா அறிவிப்பு வந்தது அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு.

பெண்கள் போட்ட கட்டுப்பாடு

பாசி எடுக்கும் பெண்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஊர் ஊராகக் கூடினார்கள். சங்கமாகச் சேர்ந்தார்கள். பாசி அழிந்தால் தங்கள் பிழைப்பும் அழியும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். இரும்புக் கருவியால் சுரண்டக் கூடாது. கையால்தான் பறிக்க வேண்டும். விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் காலத்தில் தாங்களும் பாசி எடுப்பதை நிறுத்தினார்கள். அந்த நாட்களில் பாசி மறுபடி வளர்ந்துவிடும். வேரோடு பிடுங்கியவர்களுக்கு அடுத்த மாதம் என்ன கிடைக்கும்?

2015-இல் அமெரிக்காவில் உள்ள சீகாலஜி என்ற அமைப்பு, சின்னப்பாலத்தைச் சேர்ந்த ஒரு பாசி எடுக்கும் பெண்ணுக்குப் பரிசு கொடுத்தது. பரிசு நல்லதுதான். ஆனால் பரிசு வாங்கியதால் எல்லைக் கோடு நகர்ந்துவிடவில்லை.

வேறு ஒரு வழி

2003-இல் சட்டத்தில் இன்னொரு வகைக் காப்பகம் சேர்ந்தது. அரசுக்குச் சொந்தமான இடத்தில் அதை அமைக்கலாம். உள்ளூர் மக்களோடு கலந்து பேசிய பிறகே அறிவிக்க வேண்டும். யோசனை சொல்ல ஒரு குழு உண்டு. அதில் அந்தப் பகுதியின் ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும்.

2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் இப்படி ஒரு காப்பகம் வந்தது. கடல் பசுவைக் காப்பதற்காக வந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு. அந்தக் கரையில் வலையில் சிக்கிய கடல் பசுவை மீனவர்கள் உயிரோடு விட்டிருக்கிறார்கள். அவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசுத் தொகையும் கொடுத்தது. வலை கிழிந்தால் நட்டம் யாருக்கு என்று அந்தக் கரைக்காரர்களுக்குத் தெரியும். தெரிந்தும் விட்டார்கள்.

ஆனால் குழுவில் ஊராட்சியின் பிரதிநிதி என்றுதான் சட்டம் சொல்கிறது. அவர் மீனவராக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. யாரை அனுப்புவது, அவர் அங்கே என்ன பேசினார் என்று கிராம சபையில் கேட்கலாம். மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊர்க் கடலில் அல்லது காட்டில் எல்லை போட்ட இடம் உண்டா? அது பூங்காவா, சரணாலயமா, காப்பகமா?

அந்த அறிவிப்பைப் படித்தவர் ஊரில் யார்?

உங்கள் ஊரில் மீன், பாசி, விறகு எடுப்பதற்குப் பெரியவர்கள் போட்ட கட்டுப்பாடுகள் என்னென்ன? அவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்.