அரசியின் இரண்டு உடைகள்

பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தில் அரசி மேரி அன்டாய்னெட்டின் பெயர் வந்ததும், "ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும் என்றாராமே?" என்று மாணவர் கேட்பதுண்டு. அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்று இல்லை. சான்றாகவே நிற்கும் இரண்டு உருவப்படங்களை வகுப்புக்குக் கொண்டுசெல்லலாம். இரண்டையும் 1783இல் வரைந்தவர் எலிசபெத் விஜே லெ ப்ரன் என்ற பெண் ஓவியர்.

முதல் படத்தில் அரசி வெள்ளை மஸ்லின் உடையும் வைக்கோல் தொப்பியும் அணிந்து, கையில் ரோஜாவுடன் நிற்கிறார். நகை ஏதும் இல்லை. பாரிஸ் சலோன் கண்காட்சியில் அது வைக்கப்பட்டதும் எதிர்ப்பு எழுந்தது. அரசி உள்ளாடையோடு நிற்கிறார் என்றனர். லியோன் நகரப் பட்டு நெசவாளர்களை மறந்து பருத்தி உடுத்தலாமா என்றும் குறை கூறினர். படம் அகற்றப்பட்டது. ஓவியர் ஏறக்குறைய அதே தோற்றத்தில், அதே ரோஜாவுடன், பட்டாடையும் முத்துமாலையும் அணிந்த அரசியை வரைந்து தந்தார்.

இரண்டையும் அருகருகே திரையில் காட்டி, "என்ன மாறியிருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். கறுப்பு வெள்ளை நகல் வேண்டாம். துணியின் வேறுபாடு அதில் தெரியாது. எது அகற்றப்பட்டிருக்கும் என்று ஊகிக்கச் சொன்னால், பலர் ஆடம்பரமான படத்தையே காட்டக்கூடும். விடையைச் சொன்னதும் எழும் "ஏன்?" என்ற கேள்விதான் பாடம். ஆடம்பரத்துக்காக ஏசப்பட்ட அரசி, எளிமைக்காகவும் ஏசப்பட்டார். அரசியின் படம் அன்று அரசின் முகமாகவே பார்க்கப்பட்டது.

பாணிப் பெயர்களை முதலிலேயே கரும்பலகையில் எழுதினால் அவை மனப்பாடமாகிவிடும். பார்த்து முடித்த பிறகு சொல்லலாம்: பட்டும் சரிகைப் பின்னலும் மினுங்குவது ரோகோகோ, கிரேக்க, ரோமானிய எளிமையை நாடியது நவசெவ்வியல். 1785 சலோனில் டேவிட்டின் 'ஹொரேஷியர்களின் சபதம்' பாராட்டப்பட்டபோது காற்று எப்பக்கம் வீசுகிறது என்பது தெளிவாயிற்று. வெள்ளை உடை இரண்டுக்கும் இடையில் நிற்கிறது.

தொடக்க வகுப்புகளுக்கு, அரசி தம் குழந்தைகளோடு இருக்கும் 1787ஆம் ஆண்டுப் படம் பொருந்தும். அதிலுள்ள வெறும் தொட்டிலைக் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும். பதினொரு மாதக் குழந்தை சோஃபி அவ்வாண்டு ஜூனில் இறந்திருந்தாள். வகுப்பில் அண்மையில் இழப்பைக் கண்ட குழந்தை இருந்தால் இப்படத்தைத் தவிர்ப்பது நல்லது. தொட்டிலைச் சுட்டிக்காட்டி நிற்பவன் மூத்த மகன் லூயி ஜோசப். அவனும் 1789 ஜூன் 4 அன்று இறந்தான். பாஸ்டில் சிறை வீழ அப்போது நாற்பது நாள்களே இருந்தன.