வால் முளைத்த செல்: காமெட் சோதனையைச் செய்வதும் படிப்பதும்

ஒரு மனித செல்லின் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். அது சில மைக்ரான் அகலமுள்ள உட்கருவுக்குள் சுருண்டு கிடக்கிறது. அதில் எங்காவது இழை அறுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு செல்லாகப் பார்த்துச் சொல்லும் சோதனைதான் காமெட். 1984-ல் ஸ்வீடனில் ஆஸ்ட்லிங்கும் ஜொஹான்சனும் தொடங்கிவைத்தார்கள். 1988-ல் நரேந்திர சிங்கும் சகாக்களும் அதில் கடும் காரக் கரைசலைப் புகுத்தினார்கள். இன்று கல்லூரி ஆய்வகங்களில் செய்யப்படுவது பெரும்பாலும் இந்தக் கார முறைதான்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். செல் சும்மா இருப்பதில்லை. இழை அறுந்த நொடியிலேயே ஒட்டும் வேலையும் ஆரம்பித்துவிடும். ஆகவே ஸ்லைடில் தெரியும் வால் (மின்புலத்தில் இழுபட்டு வெளியே நீளும் டி.என்.ஏ.), அந்த நேரத்தில் இன்னும் ஒட்டப்படாமல் இருந்த அறுவைகளின் அளவு மட்டுமே. கீழே சொல்லும் குளிர், இருட்டு, நேரக்கணக்கு எல்லாம் இதற்காகத்தான்.

செல்லைத் தயார் செய்தல்

பழகுவதற்கு ஏற்றவை ரத்தத்தின் லிம்ஃபோசைட்டுகளும், அவற்றைத் தாக்க ஹைட்ரஜன் பெராக்சைடும். ரத்தம் தருபவரின் சம்மதமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் முதலில் கையில் இருக்கட்டும்.

முழு ரத்தத்தில் பெராக்சைடை ஊற்றிவிட்டு வாலே வரவில்லை என்று மாணவர்கள் சோர்ந்துபோவதை அடிக்கடி பார்க்கிறேன். காரணம் எளியது. சிவப்பணுக்களில் கேட்டலேஸ் நிறைய இருக்கிறது; ஊற்றிய பெராக்சைடை அது நொடியில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். அதனால் ஃபைகோல் மேல் ரத்தத்தை மிதக்கவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, லிம்ஃபோசைட்டுகளைப் பிரித்தெடுங்கள். டிரிப்பான் ப்ளூ போட்டு உயிருள்ள செல்களை எண்ணுங்கள். அவை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அன்றைய சோதனையை விட்டுவிடுவதே நல்லது. சாகும் செல்லின் டி.என்.ஏ. தானாகவே துண்டாகும், அதற்கும் உங்கள் நச்சுக்கும் சம்பந்தமில்லை.

செல்களைப் பாஸ்பேட் பஃபரில் எடுத்துக்கொண்டு, 0, 25, 50, 100 மைக்ரோமோலார் என்று நான்கு குழாய்களில் பெராக்சைடு கலந்து, ஐஸ் மேல் 5 நிமிடம் வையுங்கள். குளிரில் ஒட்டும் நொதிகள் முடங்கிவிடும், பெராக்சைடோ தன் வேலையைச் செய்யும். நேரம் முடிந்ததும் குளிர்ந்த பஃபரால் கழுவுங்கள். இங்கிருந்து மின்புலத்தில் ஓட்டி முடிக்கும்வரை டியூப்லைட்டை அணைத்துவிட்டு மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள்.

ஜெல்லும் கரைசல்களும்

ஸ்லைடில் 1 சதவீத சாதாரண அகரோஸை முந்தின நாளே பூசிக் காயவைத்துவிட வேண்டும். சுமார் 10,000 செல்களைக் குறைந்த வெப்பத்தில் உருகும் அகரோஸில் (1 சதவீதம், 37 டிகிரி) கலந்து, அதன்மேல் ஊற்றிக் கவர்ஸ்லிப்பால் மூடுங்கள். இந்த அகரோஸ் ஏறக்குறைய 26 முதல் 30 டிகிரிக்குள்தான் உறையும். சித்திரை வெயிலில், ஏ.சி. இல்லாத அறையில் அது உறையாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஐஸ் பெட்டிமேல் உலோகத் தட்டை வைத்து, அதில் ஸ்லைடைப் படுக்கவையுங்கள். சில நிமிடத்தில் இறுகிவிடும்.

அடுத்து லைசிஸ். 2.5 மோலார் உப்பு, 100 மில்லிமோலார் இ.டி.டி.ஏ., 10 மில்லிமோலார் டிரிஸ், பி.எச். 10; போடும் நேரத்தில் 1 சதவீத டிரைட்டான். 4 டிகிரியில் குறைந்தது ஒரு மணி நேரம். சவ்வும் புரதங்களும் கரைந்துபோய், டி.என்.ஏ. மட்டும் வளையம் வளையமாக முறுக்கேறி நிற்கும். ஒரு வளையத்தில் ஒரே ஓர் அறுவை இருந்தாலும் அந்த முறுக்கு தளர்ந்துவிடும். தளர்ந்த வளையங்கள்தான் பின்னால் வாலாக நீள்கின்றன.

பிறகு ஸ்லைடுகளை 300 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் 1 மில்லிமோலார் இ.டி.டி.ஏ.வும் சேர்ந்த கரைசலில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். பி.எச். 13-க்கு மேல் இருக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட வேண்டாம். இதில் இரட்டை இழை பிரியும். டி.என்.ஏ.வின் எழுத்து (காரமூலம்) உதிர்ந்து வெறுமனே நிற்கும் இடங்களும் இங்கே அறுவையாக மாறும். அதே கரைசலில், 4 டிகிரியில், மின்முனைகளுக்கு இடையே சென்டிமீட்டருக்கு 0.7 முதல் 1 வோல்ட் கொடுத்து 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். தொட்டியின் இடைவெளியை அளவுகோல் வைத்து அளந்து வோல்ட்டைக் கணக்கிடுங்கள். அடுத்த ஆய்வகத்தின் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள்.

0.4 மோலார் டிரிஸில் (பி.எச். 7.5) 5 நிமிடமாக மூன்று முறை கழுவி, சாயம் போட்டுவிட்டால் கைவேலை முடிந்தது. எத்திடியம் புரோமைடு பயன்படுத்தினால் கழிவைத் தனியாகச் சேர்த்துவையுங்கள்.

வாலைப் படித்தல்

ஸ்லைடுகளின் பெயரை மறைத்து, வேறொருவர் கொடுத்த குறியீட்டோடு பாருங்கள். எது 100 மைக்ரோமோலார் என்று தெரிந்துவிட்டால் கண் பெரிய வாலையே தேடும். நேர்மையானவர்களுக்கும் இது நடக்கும்.

வாலின் நீளத்தை அளப்பது எல்லோருக்கும் தோன்றும் வழி. ஆனால் சேதம் சற்றுக் கூடியதுமே நீளம் ஓர் எல்லையைத் தொட்டு நின்றுவிடும். அதன்பின் கூடுவது வாலின் ஒளிர்வுதான். ஆகவே மொத்த டி.என்.ஏ.வில் வாலுக்குப் போனது எத்தனை சதவீதம் என்பதைக் கணக்கிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்-ஜே மென்பொருள் இதற்குப் போதும். அதுவும் இல்லாவிட்டால் 0 முதல் 4 வரை தரம் பிரித்து 100 செல்களைக் கண்ணாலேயே மதிப்பிடலாம். கூட்டுத்தொகை 0 முதல் 400-க்குள் வரும்.

100 செல் எண்ணினேன், எனவே 100 தரவு என்று எழுதுவது பெரிய பிழை. ஒரு குழாயிலிருந்து வந்த 100 செல்லும் சேர்ந்து ஒரே ஒரு தரவுதான். வெவ்வேறு நாளில் மூன்று முறையாவது செய்தால்தான் புள்ளியியல் பேச முடியும். தலையே இல்லாமல் புகைபோலப் பரவிக் கிடக்கும் செல்களைத் தனியாக எண்ணிக் குறித்துவையுங்கள். பெருஞ்சேதம் பட்ட செல்லும் அப்படித் தோன்றும் என்பதால், எல்லாமே செத்தவை என்று முடிவுகட்ட வேண்டாம்.

வால் இல்லை என்றால் சேதமும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிஸ்பிளாட்டின் மருந்து இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடும், பிணைந்த டி.என்.ஏ. நகரவே நகராது. அதைக் கண்டுபிடிக்க, சிஸ்பிளாட்டின் கொடுத்த செல்லுக்குப் பெராக்சைடும் கொடுங்கள். பெராக்சைடு மட்டும் பட்ட செல்லைவிட வால் சிறுத்திருந்தால் அங்கே பிணைப்பு இருக்கிறது. ஆக்சிஜனேற்றம் அடைந்த குவானினும் தானாக வால் காட்டாது. லைசிஸுக்குப் பின் எஃப்.பி.ஜி. நொதியை ஜெல்லில் விட்டால், அந்த இடங்களை அது வெட்டிக் காட்டிக்கொடுக்கும். குறும் புற ஊதாக் கதிர் பட்ட செல்லில் நிலைமை தலைகீழ்: சேதமுற்ற பகுதியை வெட்டியெடுக்கச் செல்லே இழையைத் திறக்கிறது, வாலும் அதனால் தோன்றுகிறது. அங்கே வால், பழுதுபார்ப்பின் அடையாளம்.

எனவே ஒற்றை நேரத்தில் எடுத்த ஸ்லைடோடு நிறுத்தாதீர்கள். பெராக்சைடைக் கழுவிய செல்களில் ஒரு பங்கை 37 டிகிரியில் வளர்ப்பு ஊடகத்தில் வைத்து, 0, 15, 30, 60 நிமிடங்களில் எடுத்து ஜெல்லில் பதியுங்கள். ஆய்வகத்தில் வளர்க்கும் பல செல் வகைகளில் ஒரு மணி நேரத்துக்குள் வால் பெரும்பாலும் மறைந்துவிடும். ரத்தத்திலிருந்து புதிதாகப் பிரித்த லிம்ஃபோசைட்டுகளில் அது மெதுவாக நடக்கும், அவற்றுக்கு இன்னும் சில மணி நேரம் கொடுங்கள். பெராக்சைடு படாத செல்களையும் ஒவ்வொரு நேரத்திலும் கூடவே எடுங்கள். அவற்றிலும் வால் வளர்ந்துகொண்டே போனால், கோளாறு உங்கள் ஊடகத்திலோ கையாளும் விதத்திலோ இருக்கிறது. அந்த நாளின் எண்களை ஒதுக்கிவிட்டுப் புது ரத்தத்தில் மறுபடி தொடங்குங்கள்.