பிழைநீக்கியின் நினைவு எங்கே இருக்கிறது?

1 முதல் 10 வரை உள்ள எண்களைக் கூட்ட ஒரு நிரல் எழுதுகிறீர்கள். விடை 55 வர வேண்டும், 45 வருகிறது. தவறு எந்த வரியில்? இதைக் கண்டுபிடிக்க உதவும் நிரலுக்குப் பிழைநீக்கி என்று பெயர். ரிச்சர்டு ஸ்டால்மன் 1986-இல் எழுதிய ஜி.டி.பி. அவற்றுள் புகழ்பெற்றது. நீங்கள் குறிப்பிடும் வரியில் அது நிரலை நிறுத்தி, அப்போது மாறிகளின் மதிப்பு என்ன என்று காட்டும்.

ஜி.டி.பி.யிடம் 'லிஸ்ட்' என்று கட்டளையிட்டால் நிரலின் 10 வரிகளைக் காட்டும். உங்களுக்கு 20 வரிகள் வேண்டுமா? 'செட் லிஸ்ட்சைஸ் 20' என்றால் போதும். ஆனால் ஜி.டி.பி.யை மூடி மறுநாள் திறந்தால் மீண்டும் 10 வரிகள்தாம்! ஏன்? நீங்கள் சொன்ன 20, ஓடும் நிரலுக்குரிய நினைவகத்தில் மட்டுமே இருந்தது. நிரல் முடிந்ததும் அதுவும் மறைந்தது.

அப்படியானால் நம் விருப்பத்தை எங்கே எழுதி வைப்பது? பிழைநீக்கிக்குள்ளேயே எழுதலாமா? கூடாது. ஒரே கணிப்பொறியைப் பலர் பயன்படுத்தலாம். ஒருவரின் விருப்பம் மற்றவருக்குத் தொல்லையாகும். மேலும், புதிய பதிப்பு வந்தால் பழைய நிரலோடு உங்கள் விருப்பமும் அழிந்துபோகும்.

ஆகவே யூனிக்ஸ், லினக்ஸ் கணிப்பொறிகளில் ஒவ்வொருவருக்கும் உரிய சொந்தக் கோப்பகத்தில் '.ஜிடிபிஇனிட்' என்ற கோப்பை வைத்துக்கொள்ளலாம். பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணப் பட்டியலில் இது தென்படாது. இதை ஜி.டி.பி. தானாக எழுதுவதில்லை, நீங்கள்தாம் வரிக்கு ஒரு கட்டளையாக எழுத வேண்டும். தொடங்கும்போதெல்லாம் ஜி.டி.பி. அதைப் படித்து, அதன்படி நடக்கும்.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. நீங்கள் எந்தக் கோப்பகத்தில் நின்று ஜி.டி.பி.யைத் தொடங்குகிறீர்களோ, அங்கும் அதே பெயருடைய கோப்பை அது தேடும். ஒரு குறிப்பிட்ட வேலைக்குத் தனி அமைப்புகள் வைத்துக்கொள்ள இது வசதியே. ஆனால் அதிலுள்ளவை வெறும் குறிப்புகள் அல்ல, கட்டளைகள் அல்லவா? கோப்புகளை அழிக்கும் கட்டளையைக்கூட அதில் எழுத முடியும். முன்பின் அறியாத ஒருவர் தந்த கோப்பகத்தில் அப்படி ஒரு கோப்பு ஒளிந்திருந்தால் என்ன ஆகும்?

இதனால்தான் 2012-இல் வெளிவந்த 7.5 பதிப்பு முதல் ஒரு காவல் ஏற்பட்டது. நம்பத் தகுந்தது என்று நீங்கள் அறிவித்த கோப்பகமாக இல்லாவிட்டால், அங்குள்ள கோப்பை ஜி.டி.பி. நிறைவேற்றாது, எச்சரிக்கை மட்டும் தரும். அந்த அறிவிப்பை எங்கே எழுதுவது? உங்கள் சொந்தக் கோப்பகத்திலுள்ள கோப்பில்தான்! வாசல் கதவின் சாவி வீட்டுக்காரரிடமே இருக்கிறது.

செய்து பாருங்கள்: லினக்ஸ் கணிப்பொறியில் 'எல்எஸ்' கட்டளையை முதலில் தனியாகவும், பிறகு ஓர் இடைவெளி விட்டு '-ஏ' சேர்த்தும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். இரண்டாம் முறை புள்ளியில் தொடங்கும் பெயர்கள் எத்தனை புதிதாகத் தெரிகின்றன? அவை எந்தெந்த நிரல்களுக்கு உரியவை என்று ஆசிரியருடன் கலந்து பேசுங்கள். படிக்கலாம், ஆனால் புரியாத எதையும் அழித்துவிடாதீர்கள்!