அடைக்கலம் வந்த நாயும் அதற்குரிய இல்லமும்

சீவக சிந்தாமணி பயின்றோர் சுதஞ்சணனை மறந்திரார். அந்தணர்க்கென வைத்த சோற்றைத் தீண்டியமைக்காக அடியுண்டு, உயிர் நீங்கும் நிலையிற் கிடந்த நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதினான். அந்நாய் தேவனாய்ப் பிறந்து, பின்னர் அவனுக்கே துணை நின்றது. இக்கதையைப் பல்லாண்டுகள் வகுப்பில் நடத்தியுள்ளோம். ஓய்வு பெற்றுக் குன்னூரில் குடியேறிய பின்னரே ஒன்று விளங்கிற்று. சீவகன் கண்ட நாய் அன்றே இறந்தது. பிழைத்தெழுந்த நாயோ மேலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடும், நாள்தோறும் உண்ணும், இரவில் உறங்க அதற்கு இடம் வேண்டும்.

மலைநாட்டில் நாய்கள் ஆதரவற்றுப் போவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெறுவோர் லயன் வீட்டைக் காலி செய்து இறங்குங்கால், நாய் அங்கேயே நின்றுவிடுகிறது. ஏப்ரல், மே சீசனில் வந்து தங்குவோர் குட்டியைக் கொஞ்சி வளர்த்து, ஜூன் மழைக்கு முன் விட்டுச் செல்வதும் உண்டு. இத்தகைய உயிர்களுக்காகக் கோத்தகிரியில் 1954இல் நீலகிரி விலங்கு நலச் சங்கம் தோன்றியது. மசினகுடியை அடுத்த மாவனல்லாவிலும் பின்னாளில் ஒரு காப்பகம் அமைந்தது. எனினும் காப்பகம் வீடாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மழையில், கால் நொண்டிய பழுப்புநிறப் பெட்டை நாயொன்று எம் வாயிலில் வந்து ஒண்டியது. கால் தேறியதும், முதலில் கேட்டவர்க்கே அதனைக் கொடுத்தோம். பெரிய பங்களா, நல்ல குடும்பம், பிள்ளைகள் துள்ளி மகிழ்ந்தனர். மூன்று வாரம் கழித்துச் சென்று பார்த்தபோது, வேலியில் இடைவெளி உள்ளதென்று நாயை வாயிற்கம்பத்தில் குறுஞ்சங்கிலியால் கட்டியிருந்தனர். தட்டு நிறையச் சோறு இருந்தது. ஆனால் சிறுத்தை நடமாடும் மலையில், இரவில் வெளியே கட்டிய நாய் அதற்கு வைத்த இரையன்றோ? அவர்கள் கொடியவர் அல்லர். கேட்க வேண்டியதைக் கேளாது கொடுத்த பிழை எமதே. அன்றே அழைத்து வந்துவிட்டோம்.

அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்து: பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச்சுமை ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல் என்பன இவற்றின் பொருள். பட்டியலில் 'கட்டுதல்' முதலில் நிற்பதன் கருத்து, அந்தச் சங்கிலியைக் கண்ட நாளில்தான் எமக்கு உறைத்தது. உருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் இராஜ்யசபையில் மேற்கொண்ட முயற்சியின் பயனாய் எழுந்த 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் இதையே பேசுகிறது. குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைத்தலும், எந்நேரமும் கட்டியுள்ள நாயை உலவ விடாமையும், பசியால் வாடுமாறு கைவிடுதலும் அதன் 11ஆம் பிரிவின்படி குற்றங்களாம்.

ஆசிரியப் பயிற்சியில், 'ஆம்' என்ற விடையே வரக்கூடிய வினாவைக் கேளாதே என்று கற்பித்தனர். 'உங்களுக்கு நாய் பிடிக்குமா?' என்பது அத்தகைய வினா. நண்பகலில் வீட்டில் யார் இருப்பர்? இரவில் நாய் எங்கே உறங்கும்? விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் அதனை யார் பார்ப்பர்? வாடகை வீடாயின் உரிமையாளர் இசைந்தனரா? முன்பு வளர்த்த நாய் எவ்வாறு இறந்தது? இக்கடைசி வினாவிற்கு வரும் விடையே மிகுதி கூறும். வினவியபின் வீட்டையும் நேரிற் காணுதல் வேண்டும். சீசன் காலத்தில் எவர்க்கும் கொடாதிருத்தல் நன்று.

நம் இல்லங்கள் நாய்க்கு ஏற்றனவா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். நாய் பூனையைப் போன்று ஊனையே நம்பிய உயிரன்று. அது மாப்பொருளைச் செரிக்கும் ஆற்றலை வளர்த்துக்கொண்டதை 2013இல் சுவீடன் ஆய்வாளர் மரபணு வழியே காட்டினர். எனினும் வெறும் தயிர்ச்சோறு போதாது; பருப்பும் பிற சத்துக்களும் எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே அமைத்தல் வேண்டும். அதற்கு இயலாதோர் நாயை ஏலாதிருப்பதே அறம். வெங்காயம் நாய்க்கு நஞ்சு. இவ்வொரு பொருளில் நம் அடுக்களை அதற்கு மிகவும் பாதுகாப்பானது! பாயசத்து உலர்திராட்சையும் நஞ்சே என்பதை மறவற்க.

கருத்தடை அறுவை 'சேதம்' ஆகாதோ என வினவுவோர் உளர். சாலையோரத்தில் ஈன்ற குட்டிகள் மழையில் ஒவ்வொன்றாய் மடியக் கண்ட யாம், மயக்க மருந்தின்கீழ் மருத்துவர் செய்வதை அவ்வாறு கொள்ளவில்லை. மாறுபடக் கருதுவோர் இவ்விதழுக்கு எழுதுக. வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியில் மட்டும் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. அதன் சான்றும் நாயுடன் செல்லவேண்டும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது பயிற்சிப் பள்ளியின் பழம்பாடம். இரண்டாம் முறை அவ்வாறே செய்தோம். கோத்தகிரிச் சாலையில் வாழும் தையற்காரர் தம்பதியர் எம் வீட்டிற்கு மும்முறை வந்து நாயோடு அமர்ந்திருந்தனர். நான்காம் முறை அது படுத்த பழைய சாக்கோடு அழைத்துச் சென்றனர். இரண்டே அறை உள்ள வீடு. வேலி உண்டு, பகலெல்லாம் ஆள் உண்டு.

ஒரு திங்கள் கழித்து யாம் சென்றபோது, நாய் எழுந்து வந்து எம் செருப்பை முகர்ந்தது. வாலை இருமுறை ஆட்டியது. பின் திரும்பிச் சென்று தையல் எந்திரத்தின் அடியில் படுத்துக்கொண்டது.